சூப்பரும் புள்ளியும்: தமிழில் எழுதுகிறவர் ஐ3-இல் ஷார்ட்கட் அமைப்பது எப்படி?

லினக்ஸில் விண்டோக்களை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் திரையில் அடுக்கித்தரும் டைலிங் விண்டோ மேனேஜர் ஐ3. அதை நிறுவிய முதல் வாரம். அவசரமாகத் தமிழில் ஒரு கடிதம் அடிக்க வேண்டியிருந்தது. எனக்குத் தமிழ்99 என்ற விசைமுறை பழகிய கை. ஆனால் அதற்கு வேண்டிய ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் அந்தக் கணினியில் இன்னும் ஏறவில்லை. சரி, இன்றைக்கு மட்டும் சமாளிப்போம் என்று செட்எக்ஸ்கேபிமேப் கட்டளையால் கீபோர்டை இன்ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு தமிழ் விசைமுறைக்கு மாற்றி, எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி கடிதத்தை முடித்தேன்.

அப்புறம் சூப்பரையும் (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) டி-யையும் சேர்த்து அழுத்தினேன். நிரல்களைத் திறக்கும் டிமெனு வரவில்லை. சூப்பர்+எஃப் அழுத்தினேன், முழுத்திரை ஆகவில்லை. சூப்பர்+என்டர் மட்டும் உயிரோடு இருந்தது. புதிதாக ஒரு டெர்மினல் திறந்தது. அதில் அதே கட்டளையை அடித்து ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடலாம் என்று தட்டினால், ஒட்டிக்கொள்ள மெய்யெழுத்து இல்லாமல் கொம்பும் காலும் தனித்தனியாக வந்து நின்றன. ஆங்கிலத்துக்குப் போக ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். அதுதான் வரவில்லையே.

கடைசியில் பழைய டெர்மினலுக்குத் தாவி மேல் அம்பை அழுத்தி, முன்பு அடித்த கட்டளையை வரவழைத்தேன். பின்னாலிருந்து அழித்துக்கொண்டே வந்து செட்எக்ஸ்கேபிமேப் என்ற சொல்லை மட்டும் மிச்சம் வைத்தேன். இன்னும் யு, எஸ் என்று இரண்டே எழுத்து வேண்டும். திரையில் ஒரு கோப்பின் பாதையில் யுஎஸ்ஆர் என்று இருந்தது. அதில் முதல் இரண்டு எழுத்தை மவுஸால் இழுத்துப் பிடித்து, நடு பட்டனால் ஒட்டி, என்டர். உயிர் வந்தது.

டைலிங் விண்டோ மேனேஜருக்கு ஷார்ட்கட் அமைப்பது பற்றிப் பேசினால் பெரும்பாலும் திசைக்கு எச்-ஜே-கே-எல் வைப்பதா, அம்பு விசைகள் வைப்பதா என்பதில்தான் தொடங்குவார்கள். நாள் முழுக்க இரண்டு எழுத்துகளில் வேலை செய்கிறவருக்கு அது மூன்றாவது கேள்வி. ஷார்ட்கட்டை எழுத்தோடு கட்டுவதா, விசை இருக்கும் இடத்தோடு கட்டுவதா என்பது முதல் கேள்வி. நீங்கள் எந்தத் தமிழ் விசைமுறையில் எழுதுகிறீர்கள் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் மற்றதெல்லாம் ருசியைப் பொறுத்தது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். லினக்ஸில் திரையையும் கீபோர்டையும் கவனிக்கும் எக்ஸ்11-இல் ஒவ்வொரு விசைக்கும் ஓர் எண் உண்டு. வழக்கமான லினக்ஸ் அமைப்பில் டி விசை 40, என்டர் 36. எக்ஸ்ஈவி என்ற சின்ன நிரலை ஓடவிட்டு விசையைத் தட்டினால் நீங்களே பார்க்கலாம். அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்வது கீபோர்டு லேஅவுட். ஆங்கில லேஅவுட்டில் 40 என்றால் டி. இன்ஸ்கிரிப்டில் அதே 40 மெய்யெழுத்துப் புள்ளி. ஐ3-இன் கான்ஃபிக் கோப்பில் பைண்ட்சிம் என்று தொடங்கும் வரிகள் எழுத்தின் பெயரைச் சொல்பவை: 'சூப்பரும் டி-யும் அழுத்தினால் டிமெனுவைத் திற'. நான் லேஅவுட்டை மொத்தமாக மாற்றிவிட்டதால் டி என்ற எழுத்தே கீபோர்டில் இல்லாமல் போய்விட்டது. சூப்பரும் புள்ளியும் சேர்ந்தால் என்ன செய்வது என்று ஐ3-க்கு யாரும் சொல்லவில்லை. என்டருக்கு எல்லா லேஅவுட்டிலும் ஒரே பெயர் என்பதால் அது மட்டும் தப்பித்தது.

முதல் வழி, எண்ணோடு கட்டுவது. பைண்ட்சிம்முக்குப் பதில் பைண்ட்கோட் என்று எழுதி, டி என்ற இடத்தில் 40 என்று போட வேண்டும். லேஅவுட் என்னவாக இருந்தாலும் அந்த இடத்து விசை அதே வேலையைச் செய்யும். அடிக்கடி லேஅவுட் மாற்றுகிறவர், ஷார்ட்கட்கள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தால் எண்ணைப் பயன்படுத்தலாம் என்று ஐ3-இன் கையேடே சொல்கிறது. நானும் சில மாதம் அப்படித்தான் வைத்திருந்தேன். வேலை செய்ததில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒருநாள் ஒரு ஷார்ட்கட்டை மாற்றலாம் என்று கோப்பைத் திறந்தால் 43, 44, 45, 46 என்று ரேஷன் கடை டோக்கன் மாதிரி எண்களாக நிற்கின்றன. எச், ஜே, கே, எல் என்று எனக்கே நினைவில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறிப்பு எழுதி வைத்தேன். அப்புறம் எண்ணை மாற்றிவிட்டு குறிப்பை மாற்ற மறந்தேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது வழி இவ்வளவு எளிது என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த எண்களை எழுதியிருக்கவே மாட்டேன். லேஅவுட்டை மாற்றாமல், ஒன்றோடு இன்னொன்றைச் சேர்ப்பது. செட்எக்ஸ்கேபிமேப்புக்கு ஒரே நேரத்தில் இரண்டு லேஅவுட் கொடுக்கலாம்: முதலில் அமெரிக்க ஆங்கிலம், ஒரு காற்புள்ளி, பிறகு தமிழ். பைண்ட்சிம் வரிகளில் உள்ள எழுத்துகளை ஐ3 முதல் லேஅவுட்டை வைத்துத்தான் புரிந்துகொள்ளும். ஆனால் அந்த ஷார்ட்கட் எல்லா லேஅவுட்டிலும் வேலை செய்யும். அதாவது நீங்கள் தமிழில் இருந்தாலும் அந்த இடத்து விசையை டி என்றே எடுத்துக்கொள்ளும். கோப்பிலும் எழுத்தின் பெயரே இருக்கும், படித்தால் புரியும். வரிசை மட்டும் முக்கியம். தமிழை முன்னால் போட்டுவிட்டால் மறுபடியும் என் முதல் வாரத்துக்கே போய்ச் சேர்வீர்கள்.

எக்ஸ்11-க்கு அடுத்து வந்த வேலேண்டில், ஐ3 போலவே இயங்கும் ஸ்வே பயன்படுத்துகிறவர்களுக்கு இதில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. ஐ3-இன் கான்ஃபிக் ஏறக்குறைய அப்படியே ஸ்வேயில் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்வேயின் பைண்ட்சிம் அந்த நேரத்து லேஅவுட்டின் எழுத்தைப் பார்க்கிறது. தமிழுக்கு மாறியதும் ஷார்ட்கட்கள் ஊமையாகிவிடும். பைண்ட்சிம்முக்குப் பக்கத்தில் டூ-கோட் என்ற விருப்பத்தைச் சேர்த்தால், எழுத்தை முதல் லேஅவுட்டின் விசை எண்ணாக மாற்றிக்கொள்ளும். எல்லா வரியிலும் சேர்க்க வேண்டும். தேடி மாற்றும் வேலை, ஒரு நிமிடம். வேலேண்டின் இன்னொரு விண்டோ மேனேஜரான ஹைப்பர்லேண்டில் இந்தத் தொல்லை இல்லை. அது இயல்பாகவே முதல் லேஅவுட்டை வைத்துத்தான் ஷார்ட்கட்டைப் பார்க்கிறது.

ஆக, இன்ஸ்கிரிப்டில் எழுதுகிறவராக இருந்தால் இரண்டாவது வழியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஐபஸ் வேண்டாம், பின்னணியில் ஓடும் சேவை வேண்டாம், சூழல் மாறிகள் வேண்டாம். கேப்ஸ் லாக்கை லேஅவுட் மாற்றும் விசையாக ஆக்கிக்கொள்ள, லேஅவுட்டைக் கவனிக்கும் எக்ஸ்கேபியில் ஒரு விருப்பம் இருக்கிறது. அதோடு கேப்ஸ் லாக் விளக்கை இரண்டாவது லேஅவுட்டுக்கு எரியவைக்கும் இன்னொரு விருப்பமும் உண்டு. விளக்கு எரிந்தால் தமிழ், அணைந்தால் ஆங்கிலம். இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இன்ஸ்கிரிப்ட் தெரிந்தவர்கள் மேல் எனக்குப் பொறாமை வரும் ஒரே இடம் இதுதான்.

ஏனென்றால் தமிழ்99-க்கு இது போதாது. எக்ஸ்கேபிக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு விசை தட்டினால் ஒரு குறி, அவ்வளவுதான்; இதற்கு முன் என்ன தட்டினீர்கள் என்று அதற்குத் தெரியாது. இன்ஸ்கிரிப்டில் காலுக்கும் கொம்புக்கும் தனித்தனி விசை இருப்பதால் அங்கே சிக்கல் வராது. தமிழ்99-இல் 'க' தட்டி 'ஆ' தட்டினால் 'கா' வர வேண்டும். 'க' இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழ வேண்டும். அதற்கு முந்தைய எழுத்தை நினைவில் வைத்திருக்கும் ஏதோ ஒன்று நடுவில் வேண்டும். அந்த வேலையைத்தான் ஐபஸ் அல்லது அதைப் போன்ற ஃபிசிட்டிக்ஸ், உள்ளே எம்17என் நூலகத்தின் தமிழ்99 வரைபடத்தோடு, செய்கிறது. எக்ஸ்கேபி பட்டியலில் தமிழ்நெட் 99 என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பெயர் இருக்கிறது, இந்தச் சேர்க்கை வேலை இல்லை.

இதில் எதிர்பாராத நன்மை ஒன்று. ஐபஸ் வழியாகத் தமிழ் அடிக்கும்போது கீபோர்டின் லேஅவுட் ஆங்கிலமாகவே இருக்கிறது. எழுத்து மாறுவது அதற்குப் பிறகு, செயலிக்குப் போகும் வழியில். விண்டோ மேனேஜர் அதற்கு முன்பே தன் ஷார்ட்கட்களைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு பத்திக்கு நடுவில், 'க'வுக்கும் 'ஆ'வுக்கும் இடையில் சூப்பர்+டி அழுத்தினாலும் டிமெனு வரும். நீங்கள் தமிழில் இருக்கிறீர்கள் என்பதே ஐ3-க்குத் தெரியாது. பைண்ட்சிம்மா பைண்ட்கோடா என்ற கேள்வியே எழுவதில்லை.

ஆனால் எப்படி மாறுவது என்ற கேள்வி எழுகிறது. ஐபஸ் இயல்பாகக் கேட்பது சூப்பர்+ஸ்பேஸ். ஐ3-இல் சூப்பரை முதன்மை விசையாக வைத்திருந்தால் அதே சூப்பர்+ஸ்பேஸ், மிதக்கும் விண்டோவுக்கும் அடுக்கிய விண்டோவுக்கும் நடுவே தாவும் ஷார்ட்கட். ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர். ஐ3-இன் வரியை நீக்கலாம். அந்தத் தாவலை நான் வாரத்துக்கு ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. அல்லது ஐபஸ்ஸின் விசையை மாற்றலாம். ஃபிசிட்டிக்ஸ் 5 கேட்பது கன்ட்ரோல்+ஸ்பேஸ். ஈமேக்ஸ் எடிட்டர்காரர்களுக்கு அது ஆகாது, அங்கே அது தேர்வைத் தொடங்கும் விசை.

நான் மாற்று விசையையே தூக்கிவிட்டேன். ஒரே விசை இப்படியும் அப்படியும் மாற்றுவதாக இருந்தால், இப்போது எதில் இருக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். டைலிங்கில் ஒரு நிமிடத்துக்குள் நாலு விண்டோ தாவுகிறோம், யாருக்கு நினைவிருக்கும்? ஐபஸ்ஸுக்குக் கட்டளை வழியாகவே 'இந்த இன்ஜினுக்குப் போ' என்று சொல்ல முடியும். ஆகவே ஐ3 கோப்பில் இரண்டு வரி: சூப்பர்+காற்புள்ளி ஆங்கிலம், சூப்பர்+முற்றுப்புள்ளி தமிழ். எங்கே இருந்தாலும் சரி, முற்றுப்புள்ளி என்றால் தமிழ்தான். இரண்டு முறை அழுத்தினாலும் தமிழ்தான். கட்டளை ஓடி முடிவதற்குள் அவசரப்பட்டுத் தட்டினால் முதல் எழுத்து ஆங்கிலத்தில் விழும். அந்தக் கால் நொடிக்கு விரல் பழகிவிட்டது.

ஐபஸ் அமைப்பில் எல்லாச் செயலிகளுக்கும் ஒரே உள்ளீட்டு முறை என்று ஒரு விருப்பம் உண்டு. அதன் டிக்கை எடுத்துவிட்டால் டெர்மினல் ஆங்கிலத்தை நினைவில் வைத்திருக்கும், எடிட்டர் தமிழை நினைவில் வைத்திருக்கும். விண்டோ தாவும்போது மொழியும் கூடவே தாவும். சிலருக்கு இது வரம். எனக்குக் குழப்பம், ஒரே டெர்மினலில் இரண்டையும் அடிக்கிறவன் நான்.

இதற்கெல்லாம் விலை இல்லாமல் இல்லை. ஸ்வேக்குப் போனால் ஐபஸ் எல்லாச் செயலியிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நம்பி இறங்க வேண்டாம். உங்கள் டெர்மினல், உலாவி இரண்டிலும் முதலில் பத்து வரி அடித்துப் பாருங்கள். நான் இன்னும் எக்ஸ்11-இல் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் சோம்பல் பாதி, இது பாதி.

இனி முதன்மை விசை. ஐ3-ஐ முதல்முறை திறக்கும்போதே விண்டோஸ் விசையா, ஆல்ட்டா என்று கேட்கும். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருப்பது ஆல்ட், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஆல்ட் ஏற்கெனவே ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுத்திருக்கிறது. பாஷ் டெர்மினலில் ஆல்ட்+எஃப், ஆல்ட்+பி ஒரு சொல் முன்னும் பின்னும் போக. ஆல்ட்+முற்றுப்புள்ளி முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லைக் கொண்டுவர. உலாவியில் ஆல்ட்+டி முகவரிப் பட்டைக்கு. ஈமேக்ஸ் பாதி ஆல்ட்டில்தான் ஓடுகிறது. எல்லாவற்றையும் ஐ3 பிடுங்கிக்கொள்ளும். இரண்டு லேஅவுட்காரர்களுக்கு இன்னொரு கண்ணி: ஆல்ட்+ஷிஃப்ட் அழுத்தி மொழி மாற்றுவது பலருக்குப் பழக்கம். ஆல்ட்டையே முதன்மை விசையாக வைத்து, விண்டோவை இரண்டாம் பணியிடத்துக்கு அனுப்ப ஆல்ட்+ஷிஃப்ட்+2 அழுத்தினால், விண்டோ போகிறதோ இல்லையோ மொழி மாறிவிடும். சூப்பரை எடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

சூப்பரிலும் ஒரு பழக்கதோஷம் உண்டு. விண்டோஸில் வேலை செய்த கைக்கு சூப்பர்+எல் என்றால் திரையைப் பூட்டுவது. ஐ3-இல் அது பக்கத்து விண்டோவுக்குப் போவது. டீ குடிக்க எழுந்தபோது சூப்பர்+எல் அழுத்திவிட்டுப் போய், பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் திரை எல்லாருக்கும் திறந்து கிடந்தது. ஐ3 இயல்பாகப் பூட்டுக்கு எந்த ஷார்ட்கட்டும் தருவதில்லை, நீங்கள்தான் எழுத வேண்டும். முதல் நாளே எழுதுங்கள்.

திசை விசைகளுக்கு வருவோம். எச்-ஜே-கே-எல் பழக்கம் விஐ எடிட்டரிலிருந்து வந்தது. பில் ஜாய் 1976 வாக்கில் அதை எழுதியபோது பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் தனி அம்பு விசைகள் இல்லை. அந்த நாலு எழுத்துகளின் மேலேயே அம்புகள் அச்சிட்டிருந்தன. மைக்கேல் ஸ்டாபெல்பெர்க் 2009-இல் வெளியிட்ட ஐ3 ஒரு விசை வலப்பக்கம் தள்ளி ஜே, கே, எல், அரைப்புள்ளி என்று வைத்துக்கொண்டது. விரலை நகர்த்தவே வேண்டாம், வலது கையின் நாலு விரலும் ஓய்வாக இருக்கும் இடம் அதுதான். எச் அங்கே விண்டோவைக் கிடைமட்டமாகப் பிரிக்கப் போய்விட்டது.

விஐ-யின் வாரிசான விம் எடிட்டர் தெரியாதவருக்கு ஐ3-இன் இயல்பு அமைப்பே மேல் என்பேன். தமிழ்99 பழகியவருக்கு அந்த நாலும் ப, ம, த, ந. விரல் ஏற்கெனவே அங்கேதான் குடியிருக்கிறது. ஆனால் விம் தெரிந்தவருக்கு அது சித்திரவதை. எடிட்டருக்குள் ஜே என்றால் கீழே, வெளியே சூப்பர்+ஜே என்றால் இடது. ஒரே விரலுக்கு இரண்டு பாடம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் எச்-ஜே-கே-எல்லுக்கு மாறினேன். எச்-இல் இருந்த பிரிப்பை பி-க்கு (B) நகர்த்தினால் போதும். ஸ்வே இயல்பாகவே அப்படித்தான் வருகிறது. அம்பு விசைகளையும் நீக்காமல் வைத்திருக்கிறேன், ஒரு கையில் டீ டம்ளர் இருக்கும் நேரத்துக்கு.

ஷார்ட்கட்களை ஐ3-இன் கோப்பிலேயே வைப்பதா, வெளியே எஸ்எக்ஸ்எச்கேடி என்ற தனி நிரலிடம் கொடுப்பதா என்றும் ஒரு விவாதம் உண்டு. பிஎஸ்பிடபிள்யூஎம் என்ற இன்னொரு விண்டோ மேனேஜரை எழுதியவரே எழுதியது அது. பிஎஸ்பிடபிள்யூஎம்முக்கு விசைகளைப் பார்க்கவே தெரியாது என்பதால் அங்கே இது கட்டாயம் போலத்தான். அழகு என்று பார்த்தால் எஸ்எக்ஸ்எச்கேடிக்குத்தான் என் ஓட்டு. ஐ3-இல் பத்துப் பணியிடங்களுக்குப் போக பத்து வரி, விண்டோவை அனுப்ப இன்னொரு பத்து வரி. எஸ்எக்ஸ்எச்கேடியில் அடைப்புக்குறிக்குள் 1 முதல் 9 வரை, 0 என்று எழுதி, ஷிஃப்ட் உண்டு-இல்லை என்பதையும் இன்னோர் அடைப்பில் போட்டால், இருபதும் ஒரே பதிவில் முடிந்துவிடும். விண்டோ மேனேஜரை மாற்றினாலும் நிரல்களைத் திறக்கும் ஷார்ட்கட்கள் கூடவே வரும். ஆனால் விண்டோவின் அளவை மாற்றும் ஐ3-இன் ரீசைஸ் மோட் போன்றவை அதன் சொந்தக் கோப்பில்தான் இருக்க முடியும். பாதி இங்கே, பாதி அங்கே என்றால் ஒரே விசையை இரண்டு இடத்திலும் எழுதிவிட்டு எது யாரை மறிக்கிறது என்று துப்பறிய வேண்டியதாகிவிடும். எஸ்எக்ஸ்எச்கேடி எக்ஸ்11-க்கு மட்டும்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நாளை ஸ்வேக்குப் போகும் எண்ணம் துளியாவது இருந்தால் ஐ3 கோப்பிலேயே வையுங்கள், அதுவே அங்கும் வரும்.

இவற்றுக்கெல்லாம் கீழே, கர்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசையையே மாற்றும் கீடி போன்ற நிரல்களும் உண்டு. எக்ஸ்11, வேலேண்ட், வெறும் கன்சோல் எல்லாவற்றிலும் ஒன்றுபோல நடக்கும். ஷார்ட்கட்களை அங்கே எழுத நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வேலைக்கு வைத்திருக்கிறேன்: கேப்ஸ் லாக்கைத் தட்டினால் எஸ்கேப், பிடித்துக்கொண்டால் கன்ட்ரோல். கோப்பில் ஏதாவது தப்பாக எழுதி கீபோர்டே செத்துப்போனால் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், கீடி தானே நின்றுவிடும். இதைத் தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிடுங்கள். கீபோர்டு செத்தபின் தேடிப் படிக்க முடியாது.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது, விம். தமிழில் ஒரு பத்தி அடித்துவிட்டு எஸ்கேப் அழுத்தி, கீழே போக ஜே தட்டினால் ஐபஸ் அதை 'ப' ஆக்கிக் கொடுக்கிறது. எஸ்கேப்புக்குப் பிறகு எழுத்துகளைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும் விம்முக்கு 'ப' என்றால் ஒன்றும் புரியாது. எஸ்கேப் அழுத்தும்போதெல்லாம் ஆங்கிலத்துக்குப் போகும்படி விம்முக்குள் ஒரு கட்டளை எழுதி வைத்திருக்கிறேன். மறுபடி எழுதத் தொடங்கும்போது தமிழுக்குத் தானாகத் திரும்ப மட்டும் அதற்கு இன்னும் கற்றுத்தரவில்லை. ஒவ்வொரு முறையும் சூப்பரும் முற்றுப்புள்ளியும்.